மருந்துச் சட்டையும் மண்ணெண்ணெயும்

நான் வேலை பார்த்த சிவகாசி அச்சகத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். "லித்தோ காலத்து அனுபவத்தை எழுதிக் குடுங்க ஐயா" என்றார்கள். முப்பத்தெட்டு வருஷம் மெஷின் முன்னால் நின்றவனிடம் மெஷினைப் பற்றிச் சொல்ல மூட்டை மூட்டையாக இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறார்கள், பாவம். வந்தவர்களில் ஒருவன் சட்டையில் நீல மை. "இது போகாது ஐயா, தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றான். எனக்குக் கை பரபரத்தது. உள்ளேயிருந்து என் மனைவி செல்லத்தாய் பார்த்த பார்வையில் கையை மடக்கி வைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெஷினை என்னைவிட நன்றாக ஓட்டியவர்கள் எங்கள் பிரஸ்ஸிலேயே ஒன்பது பேர் இருந்தார்கள். நான் பெருமைப்பட்டுக்கொண்ட வித்தை வேறு. சட்டையில் ஏறிப் பிடித்துக்கொண்ட கறையை வீட்டில் வைத்தே எடுப்பது. அதில் நான் எவ்வளவு பெரிய ஆள் என்பதை இதைப் படித்து முடித்தால் தெரிந்துகொள்வீர்கள்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐம்பதுகளின் நடுவில் சிவகாசிக்கு வந்தேன். முதல் இரண்டு வருஷம் ரோலர் துடைத்தேன், பேப்பர் அடுக்கினேன், திட்டு வாங்கினேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது. எழுத வேண்டியது எங்கள் ஃபோர்மேன் சங்கரலிங்கம் ஐயாவைப் பற்றித்தான்.

அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வருவார். தீப்பெட்டி லேபிளுக்குச் சிவப்பு, பட்டாசு லேபிளுக்கு மஞ்சளும் பச்சையும், காலண்டருக்கு எல்லா நிறமும் என்று மை தெறிக்கிற இடத்தில் நாள் முழுக்க நடப்பார். சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து நாங்கள் வரிசையாக வெளியே வரும்போது வாசலில் நின்று ஒவ்வொருவன் சட்டையையும் ஒரு தடவை பார்ப்பார். "மூணு" என்பார். அடுத்தவனைப் பார்த்து "ரெண்டு". என்னிடம் வரும்போது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். "ஏழு". சட்டையில் விழுந்த ஒவ்வொரு புள்ளியும் அன்றைக்கு வேலையில் செய்த ஒரு தப்பு என்பது அவர் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

புள்ளியை எடுக்கும் முறையையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். துணியைக் குப்புறப் போட வேண்டும். கறை படிந்த பக்கம் கீழே, அதற்கடியில் கழிவுத்தாள் நான்கு மடிப்பு. கந்தலில் மண்ணெண்ணெய் தொட்டுப் பின்பக்கமிருந்து ஒற்ற வேண்டும், தேய்க்கவே கூடாது. ஓரத்திலிருந்து நடுவுக்குத்தான் வர வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் கறை குடும்பம் பெருகிவிடும். ஒரு ஒற்றலுக்குக் கந்தலில் ஒரு புது இடம். கீழே தாளில் மை இறங்க இறங்கத் தாளை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்துபோன பழைய கறை என்றால் முதலில் எண்ணெய் தடவி ஒரு நாள் இளக விட வேண்டும். பிறகு பார் சோப்பைத் தடவிப் பிசைந்து அரை மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். கடைசியில் பச்சைத் தண்ணீர். கறை முழுக்கப் போய்விட்டதா என்று வெயிலில் பிடித்துப் பார்க்காமல் துணிக்குச் சூடு காட்டவே கூடாது.

"தண்ணி பங்காளி மாதிரி" என்பார் ஃபோர்மேன். "எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டாப் போதும். முதல்லயே கூப்பிட்டா காரியம் கெட்டுப் போகும்."

எண்ணெய் மை தண்ணீரை ஏற்காது, தண்ணீர் எண்ணெயை ஏற்காது என்ற ஒரே நியாயத்தில்தான், கல்லில் எழுதி அச்சடிக்கும் லித்தோ மெஷினே ஓடியது. ஆகவே அந்த வார்த்தையை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் செல்லத்தாய் என் சட்டையையும் தன் மஞ்சள் சேலையையும் ஒரே வாளியில் ஊறப் போட்டுவிட்டாள். சேலை வெளியே வந்தபோது எந்தக் கம்பெனி லேபிள் என்று கேட்கும்படி இருந்தது. "ஒரே வாளியில போட்டது என் தப்பு. இனிமே உங்க கறை உங்க பாடு" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லைன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நானே சட்டையை ஒற்றுவேன். ஆம்பளை துணி வெளுக்கிற அழகைப் பார்க்க முதல் இரண்டு வாரம் கூட்டம் கூடியது. மூன்றாவது வாரம் அதே கூட்டம் தங்கள் கறைகளோடு வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கறை என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவேன். ஆனால் வந்தது வாழைக்கறை, வெற்றிலைக்கறை, மஞ்சள், புளி. "எல்லாக் கறையும் ஒரு மாதிரி மைதான்" என்று ஒரு தத்துவத்தை நானே உண்டாக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியில் வாழைக்கறை. பிரஸ்ஸில் கல் கழுவ வைத்திருந்த ஆசிட்டைக் கொஞ்சம் கொண்டுவந்து விட்டேன். கறை போய்விட்டது. கறை இருந்த இடமும் சேர்ந்து போய்விட்டது. இன்னொரு வீட்டுச் சட்டையில் மஞ்சள். சோப்புப் போட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. அந்த அம்மாள் அலறிவிட்டாள். "நல்லா செவந்தாத்தான் நல்லா வெளுக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கொடியில் போட்டேன். மூன்று நாள் வெயிலில் மஞ்சள் தானாகவே வெளுத்துப் போனது. வெயில் செய்த வேலைக்கு நான் பேர் வாங்கிக்கொண்டேன். ஊரில் தண்ணீருக்கு இருந்த பஞ்சத்தில், தண்ணீர் செலவில்லாத என் முறைக்கு மதிப்பு இன்னும் கூடியது.

இப்படி நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் முனியசாமியின் சட்டை வந்தது.

முனியசாமி செல்லத்தாயின் தம்பி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் வெடிமருந்துதான். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்த்துக் கையால் சலித்துக் கலப்பார்கள். கூலி அதிகம்; ஆனால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். இருபத்தேழு வயதுவரை அவனுக்கு மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. நான்காவதாகக் காரியாபட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் அமைந்தது. அவர்களும் "மருந்து வேலைன்னா வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நாங்கள் ஒரே ஒரு பொய்தான் சொன்னோம். பையன் கம்பெனி ஆபீசில் ஆர்டர் எழுதுகிறான் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்கப் போக வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் முனியசாமி அழாத குறையாக வந்து நின்றான். இருந்த ஒரே நல்ல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு லீவு கேட்கக் கம்பெனிக்குப் போயிருக்கிறான். லீவு கொடுத்த மேனேஜர், "இந்த ஒரு லோடை முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றிருக்கிறார். நெஞ்சிலும் இரண்டு கையிலும் மருந்துப்பொடி வேர்வையோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் அப்பிக் காய்ந்திருந்தது. மருந்து கலக்குகிறவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல இருந்தது சட்டை.

"நான் இருக்கேன்ல மாப்ளே" என்றேன்.

"மொதல்ல தண்ணியில முக்கிருவோம் மச்சான். எங்க கம்பெனியில வாசல்லயே தொட்டி இருக்கும். முக்கிப் போட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்."

"அது கம்பெனிச் சட்டம். கறைக்குத் தனிச் சட்டம் இருக்கு. தண்ணி பட்டா கறை உள்ள எறங்கிரும்."

"எதுக்கும் ஒரு தடவ..."

"ஏலே, இங்கன யாரு எம்புட்டுக் கறை எடுத்திருக்கா? நீயா, நானா?"

வீட்டில் குடிக்க ஒரு குடம் தண்ணீர்தான் இருந்தது. கிணற்றில் இறைக்க எங்கள் முறை மறுநாள் காலையில்தான். அதுவும் என் பக்கம் சாட்சி சொன்னது. அக்காள் புருஷன் சொல்கிறானே என்று அவன் வாயை மூடிக்கொண்டான்.

துணியைக் குப்புறப் போட்டு, மடித்த தாள் வைத்து, முறை பிசகாமல் ஒற்றினேன். அலுமினியப் பொடி மை இல்லை என்பது பொடிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கை அகலம் இருந்த கறை மண்ணெண்ணெயில் மிதந்து நெஞ்சு முழுக்கப் பரவியது. இன்னும் ஒற்றினேன், முதுகுக்கும் போனது. சாயங்காலத்துக்குள் சட்டை முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டதால் கறை எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "பாத்தியா, கறை தெரியல" என்றேன். செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். சோப்பை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துக் கந்தலால் துடைத்து, கொடியில் போட்டேன்.

காலையில் பார்த்தால் கொஞ்சம் வெளுத்த மாதிரிதான் தெரிந்தது. மண்ணெண்ணெய் வாடைதான் போகவில்லை. முனியசாமி குளிக்கக் கிணற்றுக்குப் போயிருந்தான். சூடு காட்டினால் வாடை ஓடிவிடும் என்று தோன்றியது. எதிர் வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கி, கொட்டாங்கச்சிக் கரி போட்டு, நன்றாகக் கனிய விசிறினேன். கறை போகாத துணிக்குச் சூடு காட்டாதே என்று ஃபோர்மேன் சொன்னதெல்லாம் அப்போது எங்கே போயிருந்ததோ தெரியாது. சட்டையை விரித்தேன். நெஞ்சுப் பக்கம் பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஒரு பொறி தெறித்தது.

சத்தம் பெரிதாக இல்லை. 'புஸ்' என்று ஒரு வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான். கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் சட்டையில் காலரும் ஒரு கையும் மிச்சம். என் முகத்தில் மீசையில் பாதி மிச்சம், புருவம் சுத்தமாக இல்லை. செல்லத்தாய் இருந்த ஒரு குடம் குடிதண்ணீரையும் சட்டை மேலும் என் மேலும் கொட்டினாள். ஃபோர்மேன் சொன்னபடி தண்ணீரை நாங்கள் கடைசியாகத்தான் கூப்பிட்டோம்.

கூச்சல் கேட்டு முனியசாமி ஈரத்துண்டோடு ஓடி வந்தான். சட்டையை அவன் திரும்பியே பார்க்கவில்லை. என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கண்ணைத் தொறங்க மச்சான்! தொறங்க! இது எத்தன வெரலு? சொல்லுங்க!"

"மூணு" என்றேன்.

என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், காதுக்குப் பின்னால் பார்த்தான். எங்கெங்கே பார்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் பார்த்து முடித்த பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சட்டையில் ஒட்டியிருந்த பொடிக்கே இந்தப் பாடு என்றால், இவன் அதை நாள் முழுக்கக் கையால் அளைந்துகொண்டிருக்கிறான். ஐந்து வருஷமாக என் மச்சினன். ஒரு நாளாவது அந்த வேலை எப்படி இருக்கும் என்று அவனிடம் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

ஆனாலும் பெண் பார்க்கப் போனோம். வருவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க முடியுமா? முனியசாமிக்கு என் சட்டையைப் போட்டுவிட்டோம். அதில் பைக்குக் கீழே ஒரு நீலப்புள்ளி, கறை நிபுணனான நானே மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்த புள்ளி. நான் மீதி மீசையையும் வழித்துக்கொண்டேன். விருதுநகரில் பஸ் மாறும்போது ஒருவர் "எந்த ஊரு நாடக செட்டு?" என்று கேட்டார்.

பெண்ணின் அப்பா கறுப்பாக, உயரமாக இருந்தார். பாய் போட்டு உட்காரவைத்தார். காப்பி வந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கேன்னு தப்பா நெனைக்காதீக. ஒங்க புருவம் எங்க?"

"அடுப்பு ஊதும்போது..." என்று ஆரம்பித்தேன். பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்த பதில்தான்.

"மீசையுமா?"

நான் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் முனியசாமி பேசிவிட்டான். "அடுப்பு இல்லீக. என் சட்டையில ஒட்டுன மருந்து பத்திருச்சு. நான் ஆர்டர் எழுதல. மருந்து கலக்குறேன்."

அவன் தொடையைக் கிள்ளினேன். காலம் கடந்துவிட்டது. செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் தங்கச்சி புருசன் அந்த வேலை பாத்தவருதான். முப்பது வயசுல அவ தாலிய அறுத்துட்டு இந்த வீட்டுக்கு வந்தா. அதனாலதான் வேண்டாம்னு சொல்லி விட்டேன். தெரிஞ்சும் வந்திருக்கீக. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

எழுந்துவிட்டோம். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. பேச்சியம்மாள் என்று பேர். "அப்பா, பொய் சொல்லித்தானே வந்தாக. பெறகு எதுக்கு உண்மையச் சொன்னாகன்னு கேளுங்க."

முனியசாமி அவள் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னான். "இன்னைக்குக் காலையில மச்சானப் பாத்தப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. நாளைக்கு அந்தச் சட்டையத் தொவைக்கப் போறது ஒங்க பொண்ணு. ஆபீசுச் சட்டைன்னு நெனைச்சு அடுப்படியில காயப் போட்ருச்சுன்னா..."

பெண்ணின் அப்பா எங்களோடு நடந்தார். வாசல்வரை வந்து, "அந்த வேலைய விட்டுட்டு வாங்க. அப்ப பேசுவோம்" என்றார்.

திங்கட்கிழமை பிரஸ் வாசலில் சங்கரலிங்கம் ஐயா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணு" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். "நீங்கதானே ஐயா தண்ணியக் கடைசியாக் கூப்பிடச் சொன்னீக" என்று கொஞ்சம் பழியையும் அவர் மேல் போட்டுப் பார்த்தேன்.

"நான் மைக்குச் சொன்னேன். மருந்துக்கு யாருகிட்டக் கேட்ட?"

"யாருகிட்டயும் கேக்கல."

"மருந்துக்காரன் பக்கத்துலதானே நின்னான்?"

முனியசாமிக்கு ஒரு வேலை வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பிரஸ்ஸில் நான் வாய் திறந்து ஃபோர்மேனிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான். "பேப்பர் எடுத்துக் குடுக்க ஆள் வேணும். அவன் இப்ப வாங்குறதுல பாதிதான் கெடைக்கும், சொல்லிரு" என்றார். முனியசாமி அந்த வாரமே வந்துவிட்டான். தை மாதம் கல்யாணம் நடந்தது.

பேச்சியம்மாளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தால் அதில் எத்தனை புள்ளி என்று பார்க்க மாட்டாள். முகத்தில் வைத்து முகர்ந்து பார்ப்பாள். மையும் மண்ணெண்ணெயும் மணந்தால் வாளியில் போடுவாள். கந்தகம் மணக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தீபாவளி சீசன் வந்தால் பழைய ஆட்களைக் கம்பெனிகள் தேடித் தேடிக் கூப்பிடும். அவளுக்கும் அது தெரியும்.

மறு வருஷம் அவளுக்கு ஏழாம் மாதம். சீசன் உச்சத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனியசாமி என் வீட்டுக்கு வந்தான். துண்டைப் போர்த்தியிருந்தான். சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். விரித்தான். அதே சாம்பல் நிறம்.

"ஒரு நாள்தான் மச்சான். இன்னும் ரெண்டு ஞாயித்துக்கெழம போனா பிரசவச் செலவுக்கு ஆகும். அவ மோந்து பாத்தா அம்புட்டுத்தான். நீங்க எடுத்துக் குடுத்துருங்க. இப்பத்தான் ஒங்களுக்கு மொறை தெரியுமே."

தெரியும். தண்ணீரில் முக்கி, மூன்று தண்ணீர் மாற்றி, பிறகு சோப்புப் போட்டால் கறையும் போகும், வாடையும் போகும். சட்டையை எரித்த பிறகு அவனிடமே கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். என் வாழ்நாளில் ஒரு கறையை முழுதாக எடுத்துவிட முடியும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் என்னை நம்பி, என் கையிலேயே கொடுத்திருக்கிறான்.

"வச்சிட்டுப் போ" என்றேன்.

அவன் குளிக்கப் போனதும் சட்டையைக் கழிவுத்தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். பொதியை நீட்டினேன். பிரித்தாள். முகரவேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் முகர்ந்தாள்.

"எத்தனாவது நாளு அண்ணே?"

"மொத நாளு."

எழுந்துபோய் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். சட்டையை அதற்குள் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை சும்மா இல்லை. "அவுகள வரச் சொல்லுங்க" என்றாள்.

அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனியசாமி எங்கும் போகவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டான். பக்கத்து மெஷின்தான், ஏதாவது வேண்டுமென்றால் மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்புவான். செல்லத்தாய் இரண்டு பக்கமும் கெஞ்சிப் பார்த்தாள். நானும் பேசப் போகவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்ன பேசுவது?

குழந்தைக்கு இருக்கன்குடிக் கோயிலில் மொட்டை போட்ட அன்றைக்குத்தான் பேசினான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆற்று மணலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அந்த மருந்து கலக்குற கொட்டகை இன்னும் அப்படியேதான் இருக்கு மச்சான். அந்த சீசன்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. போயிருந்தா எனக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆமா மாப்ளே, ஆகியிருக்காது" என்றேன்.

நான் செய்தது சரியா, அவன் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைச் சொல்ல அவன் பிள்ளையோடு என் முன்னால் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அது போதும்.